சதவீதத்துக்குப் பயந்த ஆய்வேடு

சேலம், நாமக்கல் மாவட்டத் தொழில்களைப் பற்றிப் பொருளியலிலும் வணிகவியலிலும் எழுதப்படும் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ‘ஆய்வுப் பகுதி அறிமுகம்’ என்றோர் இயல் பெரும்பாலும் இருக்கும். மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் 1981இல் அமைந்தது, நாமக்கல் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது, முட்டைக் கோழிப்பண்ணை, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி. எத்தனை பேர் எழுதினாலும் ஏறக்குறைய இதே வரிசையில், இதே சொற்களில்தான் எழுத முடியும். நகல் கண்டறியும் மென்பொருளில் ஏற்றினால் முதலில் சிவப்பாவது இந்த இயல்தான். இன்னொருவரின் வினாப்பட்டியலையும் பகுப்பாய்வு முறையையும் தூக்கிவந்து, எண்களையும் வாக்கியங்களையும் மாற்றி எழுதிய இயல் சிக்கலில்லாமல் தேறிவிடலாம்.

ஆனாலும் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது கைடும் நூலகரும் அலுவலகமும் கேட்பது ஒரே கேள்வி: “பிளேஜியரிசம் எத்தனை பர்சன்ட்?”

இந்தக் கேள்விக்குச் சட்ட பலம் வந்தது 2018 ஜூலையில். பல்கலைக்கழக மானியக் குழு அப்போது அறிவித்த கல்வி நேர்மை விதிமுறைகள் நாட்டின் எல்லா உயர்கல்வி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துபவை. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகளைத் தன் கீழ் வைத்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகமும் அதில் அடக்கம். ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆசிரியர் மாட்டினாலும் விலக்கில்லை: கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், மேல்நிலைகளில் ஊதிய உயர்வும் புதிய மாணவரை வழிநடத்தும் உரிமையும் போகும்.

சோதனைக்கான கருவியையும் அரசே கொடுத்தது. மானியக் குழுவின் கீழ் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் 2019 செப்டம்பரில் ‘ஷோத்சுத்தி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஸ்வீடனின் உர்குண்ட் மென்பொருளைப் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கியது. உர்குண்ட் பின்னர் ஜெர்மனியின் பிளாக்ஸ்கேனுடன் சேர்ந்து ஒரிஜினல் என்று பெயர் மாறியது. 2021இல் அதை அமெரிக்காவின் டர்னிட்டின் வாங்கிக்கொண்டது. இப்போது ஷோத்சுத்தியில் பெங்களூரு நிறுவனத்தின் டிரில்பிட் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நியாயமல்ல. முன்பெல்லாம் ஓர் ஆய்வேடு நகலா இல்லையா என்பது தேர்வாளரின் நினைவாற்றலை நம்பியே இருந்தது. திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒருவர் 2004 முதல் 2007 வரை வெளியிட்ட சுமார் எழுபது கட்டுரைகள் நகல் என்றும் புனைவு என்றும் 2008இல் தெரியவந்தது. அத்தனையும் பன்னாட்டு இதழ்களில் மதிப்பீட்டாளர்களின் பார்வையைத் தாண்டி வந்தவை. அதே 2008இல்தான் கிராஸ்ரெஃப் அமைப்பு, பதிப்பகங்கள் கூட்டாகப் பயன்படுத்தும் ஒற்றுமைச் சோதனையைத் தொடங்கியது. இணைய ஆய்வேட்டுக் களஞ்சியமான ஷோத்கங்காவில் லட்சக்கணக்கான இந்திய ஆய்வேடுகள் திறந்து கிடக்கும்போது, பக்கத்து மாவட்டத்து ஆய்வேட்டை அட்டை மாற்றிக் கொடுக்கும் துணிச்சல் குறையத்தான் செய்யும். மேற்கோள் குறியை மறந்த மாணவருக்கு, வைவாவுக்கு முன்பே திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பும் கிடைக்கிறது.

கோளாறு கருவியைவிட, அது தரும் எண்ணை மதிப்பெண்ணாக்கிய வழக்கத்தில்தான் அதிகம். மென்பொருள் பார்ப்பது அடுத்தடுத்து வரும் சொற்களின் பொருத்தத்தை. அது திருட்டா, தற்செயலா, முறையான மேற்கோளா என்று அதற்குத் தெரியாது. தன் அறிக்கை ஒற்றுமையைக் காட்டுமே தவிர, திருட்டைத் தீர்மானிக்காது என்று டர்னிட்டின் நிறுவனமே சொல்கிறது. வேதியியல் அறிஞர் சி.என்.ஆர். ராவ் இணை ஆசிரியராக இருந்த ஒரு கட்டுரையில் சில வாக்கியங்கள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே வந்திருந்தன; ‘அட்வான்ஸ்ட் மெட்டீரியல்ஸ்’ இதழில் 2011இல் மன்னிப்புக் குறிப்பு வெளியானது. சில வாக்கியங்கள் பத்து சதவீதத்தைத் தொடாது. சதவீதக் கணக்குப்படி அங்கே பிரச்சினையே இல்லை. இதழுக்கோ அது மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயமாக இருந்தது.

எண்ணுக்குப் பயந்தால் எண்ணைக் குறைக்கும் தொழிலும் வளரும். சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடும் செயலிகளின் விளைவை 2021இல் கபனாக், லாபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். அச்சான ஆங்கிலக் கட்டுரைகளில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘போலிப் பிரக்ஞை’ என்ற பொருளிலும், ‘மார்பகப் புற்றுநோய்’ வர வேண்டிய இடத்தில் ‘நெஞ்சு அபாயம்’ என்ற பொருளிலும் சொற்கள் கிடந்தன. சித்திரவதைப்பட்ட சொற்றொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மென்பொருள் கண்ணில் அவை சுத்தமானவை; விஷயம் தெரிந்தவர் ஒரு பக்கம் வாசித்தால் சிரித்துவிடுவார்.

ஆங்கிலத்தில் இந்த நிலை என்றால் தமிழில் கருவிக்குப் பார்வையே மங்கல். முதல் தடை எழுத்துரு. தமிழக அரசு யூனிக்கோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். அதற்கு முன்பும், டி.டி.பி. சென்டர்களில் அதற்குப் பின்பும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஏராளமான ஆய்வேடுகள் தட்டச்சாகியிருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, கணினிக்கு ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். அப்படி அடித்த ஆய்வேட்டிலிருந்து ஓர் இயலை எடுத்து யூனிக்கோடில் மறுபடி தட்டினால், இரண்டும் ஒன்றென்று மென்பொருளுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய பழைய ஆய்வேடுகளில், எழுத்துணரி ஓட்டாதவரை, ஒப்பிட எழுத்தே கிடையாது.

இரண்டாவது தடை சொற்பிரிப்பு. ‘மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கப்பட்டுவருகிறது’ என்று எழுதினால் மூன்று சொற்கள். ‘மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கப்பட்டு வருகிறது’ என்றால் ஐந்து. இரண்டும் தமிழில் புழங்குகிற எழுத்துமுறைதான். இடைவெளியை வைத்துச் சொல்லை எண்ணும் கருவிக்கு இவை இரு வேறு வாக்கியங்கள். ‘ஜவ்வரிசி’ மட்டுமே பொது. நகலெடுப்பவர் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டாம், இடைவெளித் தட்டைத் தட்டினால் போதும். விதிமுறையிலுள்ள இன்னொரு சலுகையும் இங்கே விரிந்துவிடுகிறது. பொதுவான, தற்செயலான சொற்கள் தொடர்ச்சியாகப் பதினான்கு வரை பொருந்தினால் விட்டுவிடலாம் என்கிறது விதி. மேலே மூன்று சொல்லில் முடிந்த தமிழ்ச் செய்தியை ஆங்கிலத்தில் சொல்ல ஆறு சொல்லாவது வேண்டும். அந்தக் கணக்கில், தமிழில் பதினான்கு சொல் என்பது ஒரு முழு வாக்கியத்துக்கும் மேல்.

மறுபக்கம், நேர்மையான தமிழாய்வாளர் வீணாக மாட்டிக்கொள்கிறார். மேற்கோளைக் கழித்துவிட்டுக் கணக்கிட விதி இடம் தருகிறது. ஆனால் மென்பொருள் மேற்கோளை அடையாளம் காண்பது பெரும்பாலும் இரட்டை மேற்கோள் குறியை வைத்து. தமிழ் ஆய்வேட்டில் சங்கப் பாடலையும் உரையையும் குறி இல்லாமல் உள்தள்ளி அடிப்பதுதான் வழக்கம். ஒழுங்காகப் பாட்டெண் கொடுத்தவரின் ஆய்வேடு நகல் கணக்கில் சேர, ஆங்கில நூலொன்றைத் தமிழாக்கித் தன் பெயரில் வைத்தவரின் ஆய்வேடு சுழியத்தை ஒட்டி நிற்கும். மொழிபெயர்ப்பை வழிநூலின் ஒரு வகையாகத் தொல்காப்பியமே ஏற்கிறது. மூலநூலின் பெயரை விழுங்கிவிட்டால் அது எந்த வகையிலும் சேராது.

இப்போது கூடுதலாகச் செயற்கை நுண்ணறிவைக் கண்டறியும் கருவி. ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் எழுதிய 91 டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்றன. எளிய சொற்களும் குறைந்த சொல்வளமும்தான் காரணம். ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தீசிஸ் எழுதுபவரின் நடையும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கருவியின் சொல்லை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது.

அப்படியானால் எதைத் தேர்வது? விளம்பரத்தில் வரும் துல்லியச் சதவீதத்தைத் தள்ளிவிட்டு மூன்றைக் கேட்கலாம். எந்தச் சேமிப்போடு ஒப்பிடுகிறது? இலவசக் கருவிகள் பெரும்பாலும் திறந்த இணையத்தோடு நின்றுவிடும். சந்தா இதழ்கள் அவற்றுக்கு எட்டாது. ஏற்றிய பிரதி என்னவாகிறது? வரைவு சேமிப்பில் தங்கிவிட்டால் இறுதிப் பிரதி அதனோடே பொருந்தி நூறு சதவீதம்வரைகூடக் காட்டலாம். சேமிக்காமல் சோதிக்கும் வசதி இருக்க வேண்டும். டர்னிட்டின் தங்கள் கட்டுரைகளைச் சேமித்ததை எதிர்த்து அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் நால்வர் தொடுத்த வழக்கு 2009இல் மேல்முறையீட்டிலும் தோற்றது என்பதால், எச்சரிக்கை ஏற்றுபவரின் பொறுப்பாகிறது. மூன்றாவது, மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறதா? ஒற்றை எண்ணை மட்டும் தரும் கருவி வாசிப்பவருக்கு உதவாது.

தமிழுக்கென்று தனிச் சோதனை வேண்டும். 2020இல் டெபோரா வெபர்-வுல்ஃப் உள்ளிட்ட குழு பதினைந்து கருவிகளை எட்டு மொழிகளில் சோதித்தது. எந்தக் கருவியும் எல்லாவற்றையும் பிடிக்கவில்லை, சில நகலல்லாததையும் நகல் என்றன. அந்த எட்டில் தமிழ் இல்லை. எனவே இந்திய மொழிகளையும் சோதிப்பதாகச் சொல்லும் எந்த நிறுவனத்திடமும் பணம் கட்டுமுன் நான்கு பக்கம் கொடுத்துப் பார்க்கலாம். ஷோத்கங்காவின் தமிழ் ஆய்வேடு ஒன்றிலிருந்து அப்படியே எடுத்த பக்கம், அதையே இடைவெளி மாற்றிய பக்கம், ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பக்கம், பாடல்கள் நிறைந்த சொந்தப் பக்கம். கருவியின் தமிழறிவு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆங்கில ஆய்வேட்டுக்கு ஷோத்சுத்தி தரும் கருவி முதல் சல்லடையாகப் போதும். சொந்தக் காசில் வேறொன்றை வாங்கத் தேவையில்லை. தமிழ் ஆய்வேட்டுக்கு அந்த அறிக்கையை ஒரு குறிப்பாக மட்டுமே கொள்ள வேண்டும். தீர்ப்பு சொல்ல ஆட்களையும் 2018 விதிமுறையே வைத்திருக்கிறது: துறைதோறும் கல்வி நேர்மைக் குழு, புகார் வந்தால் 45 நாளுக்குள் பரிந்துரை. துறைத் தலைவர், வெளித்துறைப் பேராசிரியர், கருவி தெரிந்த ஒருவர் என்று மூவர். அந்த மூன்றாமவரைத் துறைத் தலைவரே நியமிக்கலாம். தமிழ்த் துறையில் அவர் பாமினிக் கோப்பை யூனிக்கோடாக்கத் தெரிந்தவராகவும், உரை எது, ஆய்வாளர் சொல் எது என்று பிரிக்கத் தெரிந்தவராகவும் இருந்தால், சிவப்பில் எதைக் கழிக்க வேண்டும், வெள்ளையில் எதைத் தோண்ட வேண்டும் என்று குழுவுக்குச் சொல்ல முடியும். இதற்கு டெல்லியிலிருந்து புது விதி எதுவும் வர வேண்டியதில்லை. துறைத் தலைவர் கையெழுத்திடும் ஒரு நியமனக் கடிதம் போதும்.