பெருஞ்சமரும் வெற்றிக் கிண்ணமும்

இலங்கைப் பாடசாலைத் துடுப்பாட்டத்தின் முடிமணியாகப் போற்றப்படுவன பெருஞ்சமர்களே. 1879இல் வேரூன்றிய றோயல் - புனித தோமையர் போட்டியும், 1904இல் தொடங்கிய யாழ். மத்திய கல்லூரி - பரி. யோவான் கல்லூரிப் போட்டியும் தலைமுறைகளைப் பிணைத்து நிற்பன. ஆயின் வென்ற அணி நாட்டின் முதலணியென அவற்றால் நிறுவப்படுவதில்லை. கந்தப்பளைத் தோட்டப் பாடசாலையொன்றின் மாணவனுக்கு, அவன் எத்துணைத் திறனுடையவனாயினும், அங்கே இடமுமில்லை.

எனவே பெருஞ்சமர்களைக் கைவிட்டு, விலகல் முறைப் போட்டியொன்றையே நடாத்துக என வாதிடலாம். அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்திலும் இவ்விவாதம் நெடிது நிகழ்ந்தது. 1902இல் தோன்றிய 'போல்' எனும் தனியாட்டங்கள் அங்கு ஒழிக்கப்படவில்லை. 2014இல் நான்கு அணிகளுடன் எழுந்த விலகற் சுற்று, அவற்றுட் சிலவற்றைத் தன் படிகளாகவே ஏற்றுக்கொண்டது. 2024இல் அணிகள் பன்னிரண்டாயின. ஐந்து இடங்கள் பல்வேறு தொடர்களின் வெற்றியாளருக்கென உறுதிசெய்யப்பட்டன.

நாம் கொள்ளத்தக்கது இவ்வுறுதிப்பாடே. பெருஞ்சமர் நிலைக்கட்டும், அது நினைவின் விழா. தகுதியை அளப்பதற்கோ அகில இலங்கைப் போட்டிகள் உள. அவற்றின் இறுதிச் சுற்றில் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஓர் இடம் உறுதியாதல் வேண்டும். அதுவும் போதாது. தேயிலைச் சரிவுகளிற் சமதரை அரிது. பயிலுதற்கு மைதானமும், துடுப்பும் பந்தும், பயிற்றுநரும் இல்லாத பாடசாலைக்கு எந்தப் போட்டி முறையும் வாய்ப்பளிக்காது. பெருஞ்சமருக்குப் பணம் ஈயும் பழைய மாணவரும் வணிக நிறுவனங்களும் அதில் ஒரு பங்கைத் தோட்டப் பாடசாலை மைதானங்களுக்கு ஒதுக்குவாராயின், நீதியான போட்டி அங்கிருந்தே தொடங்கும்.