பருப்புக்கீரையின் புளிப்பு

வரப்பில் யாரும் விதைக்காமல் படரும் பருப்புக்கீரையின் தடித்த இலையை விரலால் நசுக்கினால் பட்டென்று உடைந்து வழவழப்பாக நீர் கசியும். மழையில்லாத நாட்களில் விடிகாலையில் பறித்து மென்றால் நல்ல புளிப்பு. சாயங்காலம் அதே செடியில் அது அடங்கியிருக்கும். அந்தப் புளிப்பு இரவு வேலையின் ருசி.

கரியமிலவாயுவை உணவாக்கும் ரூபிஸ்கோ நொதி நிதானமானது, வினாடிக்குச் சில மூலக்கூறுகளே அதற்கு ஆகும். வெயில் ஏறினால் ஆக்சிஜனையும் தவறிப் பிடித்துவிடும். அதனால் பெப் கார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதி, ஆக்சிஜனைத் தொடாமல் கார்பனை மட்டும் பொறுக்கி அமிலமாக்க, அந்த அமிலம் நடவு வயலில் நாற்றுமுடி கைமாறுவதுபோல உள்ளிருக்கும் செல்களுக்குப் போகிறது. சோளமும் கரும்பும் இதில் தேர்ந்தவை. பூக்கும் தாவரங்களில் இந்த ஏற்பாடு 60 தடவைக்கு மேல் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நொதிகள் பழையவை, அவற்றை அமர்த்திய இடம்தான் புதிது, எனக்கு வியப்பே அதில்தான். இதே ஏற்பாடுள்ள பருப்புக்கீரையோ இன்னும் ஒரு படி போகிறது. வறட்சி வந்தால் கள்ளியைப் போல இரவில் இலைத்துளை திறந்து, வாங்கிய கரியமிலவாயுவைப் புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்த்துவைத்துப் பகலில் செலவழிக்கும். இரண்டு வழியும் ஒரே செல்லுக்குள் நடப்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். பகலில் வாங்கியதும் இரவில் சேர்த்ததும் கடைசியில் அந்த நிதானக்கார ரூபிஸ்கோவிடம்தான் போய்ச் சேர்கின்றன.