ஓவியன் அறையும் அளவுப்படமும்

ஓவியன் ஒருவன் தன் அறையைத் தானே வரைவதும், அவன் மறைந்தபின் பிறர் அதனை அளந்து வரைவதும் ஒருதன்மையன அல்ல. முன்னது வேண்டியதைத் தெரிந்தெடுத்தலாற் சிறப்பது. பின்னது எதனையும் விலக்காமையாற் பெறுமதி எய்துவது. பின்னதற்குத் தக்க சான்றாவன, பிரான்சிஸ் பேக்கனின் இலண்டன் ஓவியக்கூடத்தைத் தொல்பொருளாய்வாளர் அளந்து வரைந்த படங்கள்.

1909இல் டப்ளினிற் பிறந்த பேக்கன், 1961 முதல் 1992இல் மறையும் வரை, இலண்டன் ரீஸ் மியூஸ் 7ஆம் இலக்க இல்லத்திலே சிறியதோர் அறையில் ஓவியந் தீட்டினார். கிழித்தெடுத்த நூற்றாள்களும், மிதிபட்ட நிழற்படங்களும், காய்ந்த தூரிகைகளும் தரை தெரியாவாறு அங்கே குவிந்து கிடந்தன. சுவரும் கதவும் வர்ணந் தோய்த்துப் பார்க்கும் பலகைகளாயின. 1998இல் இவ்வறை டப்ளினிலுள்ள ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாயிற்று. 7,000இற்கு மேற்பட்ட பொருள்கள் ஒவ்வொன்றும் கிடந்த இடம் குறிக்கப்பட்டபின், சுவர், தரை, தூசி உட்பட யாவும் பெயர்த்துச் செல்லப்பட்டு, 2001இற் பார்வைக்கு வைக்கப்பட்டன.

புதைந்த நகரை அகழ்வார் கையாளும் முறையை அண்மையில் மறைந்த ஓவியர் ஒருவரின் அறைக்குக் கையாண்டமை மிகையென்று சிலர்க்குத் தோன்றலாம். ஆயின் அதன் பயன் சிறிதன்று. முன்கூட்டியே வரைந்து பார்க்கும் வழக்கம் தமக்கில்லை எனப் பேக்கன் கூறிவந்தார். திறனாய்வாளரும் அதனை நம்பினர். அக்குவியலினின்றோ ஏறத்தாழ 70 வரைவுகள் வெளிப்பட்டன. அவர் தாமே வெட்டிச் சிதைத்த 100 அளவான ஓவியச் சீலைகளும் கிடைத்தன. கலைஞன் தன்னைப் பற்றிக் கூறுவதே முடிந்த உண்மையாகாது என்பதை அவன் அறையின் தரையே உணர்த்திற்று.

எனினும், அளவுப்படம் பொருள் கிடந்த இடத்தைக் கூறுமேயன்றி, அது கலைஞனுக்கு என்னவாயிற்று என்பதைக் கூறாது. இக்குறையை உணர்த்துவது, ஒக்ஸ்போட் அஷ்மோலியன் நூதனசாலையிலுள்ள றெம்பிராண்டின் சித்திரம். 1650களில் வரையப்பெற்ற அது, அவர்தம் ஓவியக்கூடத்தைக் காட்டுவதாகக் கருதப்படுகின்றது. கடன் மிகுந்த 1656இல் எழுதப்பட்ட அவருடைய உடைமைப் பட்டியல் 360இற்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டது. சித்திரத்திலோ அச்செல்வம் முன்னிற்கவில்லை. உயர்ந்த சாளரத்தின் ஒளியும், அவ்வொளியில் அமர்ந்த பெண்ணுமே முன்னிற்கின்றன. தொழிலுக்கு இன்றியமையாதது ஒளியே என்பதை அவர் கோடு அறிந்திருந்தது.

ஆகவே, ஒன்று ஓவியன் கண்டதைக் காட்டுகின்றது. மற்றது அவன் காணாது விட்டதையுங் காட்டுகின்றது. இரண்டும் திறனாய்வாளனுக்கு வேண்டியனவே. ஆயின், பின்னதை முன்னதாக மயங்குதல் தவறு. 1945ஆம் ஆண்டு ஓவியமொன்றில், உடையின் சாம்பல் நிறத்துக்குத் தூசியையே பயன்படுத்தியதாகப் பேக்கன் பின்னர்க் கூறினார். பிறர் குப்பையெனக் கழிப்பது அவர்க்கு வர்ணமாயிற்று. தூசி கிடந்த இடத்தை அளவுகோல் காட்டும்; அது வர்ணமாகிய விதத்தை அவர் ஓவியத்தின் முன் நின்றே அறிதல் வேண்டும்.