சுருண்ட இலைக்கு எப்சம் உப்பா?

மாடித் தக்காளியின் இலை சுருண்டால் உடனே சொல்லப்படும் மருந்துகள் மூன்று: எப்சம் உப்பு, புளித்த மோர், வேப்பெண்ணெய். மூன்றுக்கும் பயன் உண்டு. நோய் இன்னதென்று பாராமல் மூன்றையும் மாற்றி மாற்றித் தெளிப்பதுதான் தவறு. 2013-14ல் சென்னைக்கும் கோவைக்கும் வந்த அரசின் ‘நீங்களே செய்து பாருங்கள்’ திட்டத்துக்குப் பிறகு, தென்னை நார்க்கழிவுப் பையில் தக்காளி வளர்ப்பது திருநின்றவூர் போன்ற புறநகர்களுக்கும் பழகிவிட்டது. பை வந்த அளவுக்கு நோயறிவு வரவில்லை.

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவே மஞ்சள் படரும். இதே மஞ்சள் நுனிக் குருத்தில் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. காரத்தன்மை மிகுந்த போர் தண்ணீரையே ஊற்றிவரும் பைகளில் இது எளிதில் வரும். அங்கே எப்சம் உப்பு உதவாது. அளவு மீறினால் வேர் சுண்ணாம்புச்சத்தை எடுப்பது குறைந்து, காயின் அடி கறுத்து அழுகவும் கூடும்.

சுருட்டையிலும் இரண்டு வகை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் திருவள்ளூர் வெயிலில் அடியிலைகள் மேல்நோக்கிக் குழலாகச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சை மாறாமல் நிற்கும். மருந்து வேண்டாம், மதியத்துக்கு நிழல்வலையும் சீரான நீரும் போதும். நுனி இலைகள் சிறுத்து, விளிம்பு மஞ்சளித்துக் குவிந்து, கணுக்கள் நெருங்கிச் செடி குட்டையானால் அது இலைச்சுருட்டை வைரஸ். பரப்புவது வெள்ளை ஈ.

மோருக்கு ஒரு நியாயம் உண்டு. கையாலும் கத்தியாலும் தொற்றும் புகையிலைத் தேமல் வைரஸைப் பாலின் புரதம் ஓரளவு தடுக்கும். இலைச்சுருட்டை வைரஸோ ஈ சாறு உறிஞ்சும்போது செடிக்குள் போய்விடுகிறது. இலைமேல் தெளித்த மோர் அதை எட்டாது. வேப்பெண்ணெய்க்கு இன்னும் வலுவான நியாயம் உண்டு: இலையடியில் படும்படி தெளித்தால் ஈயின் குஞ்சுகள் குறையும். ஆனால் வைரஸ் புகுந்து இரண்டு, மூன்று வாரம் கழித்தே சுருட்டை கண்ணில் படும். அதன்பின் தெளிப்பது பக்கத்துச் செடிக்குக் காவல், இந்தச் செடிக்குச் சிகிச்சை அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் வேப்பெண்ணெயைப் பரிந்துரைப்பவர்கள் வீணான நம்பிக்கையையே தருகிறார்கள்.

ஆகவே தீர்ப்பு இது: பூக்குமுன் வைரஸ் கண்ட செடியைப் பிடுங்கிவிட வேண்டும். அதில் பெரிதாகக் காய் வராது. நிற்கும் நாளெல்லாம் மற்றச் செடிகளுக்கு நோய் தரும். காய்பிடித்த பிறகு வந்தால், அருகில் இளஞ்செடி இல்லாதவரை, இருக்கும் காயைப் பறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை நாற்றை நெருக்கமான நைலான் வலைக்குள் வளர்ப்பதும், பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள கலப்பினத்தைத் தேர்வதுமே மூன்று மருந்துகளையும்விட மேல்.

ஐயம் தீரவில்லையென்றால் நுனிக்கிளை ஒன்றையும் அடியிலை ஒன்றையும் பாலித்தீன் பையில் கட்டி, திருநின்றவூருக்கு அருகிலுள்ள திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். அதுவரை எதையும் தெளிக்காதீர்கள்.