வெட்டி ஒட்டிய வேதாகமம்

அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டனின் வேதாகம உரைநூலான ‘பெண்களின் வேதாகமம்’ இரு பகுதிகளாக 1895, 1898இல் வந்தது. 1896இல் தேசிய அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமைச் சங்கம், 53க்கு 41 வாக்குகளில், அந்நூலுக்கும் தனக்கும் தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. இன்று நூலைப் புகழ்வோர் அந்தத் தீர்மானத்தையே முதல் சான்றாக எடுத்துவைக்கிறார்கள். எதிர்ப்புக்கு ஆளானது துணிவைக் காட்டும். வாசிப்பின் தரத்தைக் காட்டாது.

துணிவில் குறையில்லை. ஆணும் பெண்ணும் ஒருசேரப் படைக்கப்பட்டதாகச் சொல்லும் ஆதியாகமம் முதல் அதிகாரத்தை ஏவாளை ஆதாமின் விலா எலும்பிலிருந்து உருவாக்கிய கதைக்கு மேலாக நிறுத்தியதும் நல்ல பணி.

பிழை முறையில் இருக்கிறது. ஸ்டான்டனும் உடன் உழைத்த பெண்களும் மலிவுப் பதிப்பு வேதாகமங்களை வாங்கி, பெண்களைப் பற்றிய வசனங்களை மட்டும் கத்தரித்து, வெற்றுத்தாள் ஏட்டில் பக்கத்தின் மேலே ஒட்டி, அதன்கீழ் உரை எழுதினார்கள். அப்படிச் சேர்ந்தது பத்தில் ஒரு பங்குதான் என்று ஸ்டான்டனே சொல்கிறார். மிச்சம் ஒன்பது பங்கு யாருக்கு? பெண் பெயர் வராத பக்கம் பெண்ணுக்கு உரியதல்ல என்பதுதானே ஆண் போதகர்கள் காலங்காலமாகச் சொன்னது!

ஸ்டான்டனுக்கு முன்பே இந்த வேலியைத் தாண்டிய பெண்கள் உண்டு. கறுப்பினப் பெண்ணான ஜெரினா லீக்கு பிலடெல்பியாவின் கறுப்பினப் போதகர் ரிச்சர்ட் ஆலன் பிரசங்க அனுமதி மறுத்திருந்தார். ஆண்டுகள் கழித்து, ஆலய ஆராதனையில் யோனா புத்தகத்திலிருந்து பிரசங்கித்தவர் தடுமாறி நின்றபோது லீ எழுந்தார். அதே வசனத்தை எடுத்து, அழைப்பைத் தட்டிக்கழித்த யோனா நானே என்று பேசினார். அங்கேயே ஆலன் லீயின் பிரசங்க அழைப்பை ஒப்புக்கொண்டார். யோனாவின் கதையில் பெண் பாத்திரமே இல்லை. அடிமைகளை மீட்ட ஹேரியட் டப்மனை மக்கள் ‘மோசே’ என்றார்கள். பார்வோன்முன் நின்றவன் பெயரை ஒரு பெண்ணுக்குச் சூட்ட அவர்களுக்குத் தயக்கமில்லை.

ஸ்டான்டனால் அப்படி வாசிக்க முடியவில்லை. பெண்களை விட்டுவிட்டு கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை தந்த 15ஆம் சட்டத்திருத்தத்தை எதிர்த்தவர் அவர். பிறர் விடுதலையில் தன் விடுதலையைக் காணாத அதே குறுகல்தான் இந்த உரையிலும் இருக்கிறது. தனக்கென்று எழுதப்படாத பக்கத்தில் தனக்கான நீதியைக் காணத் தெரியாத வாசிப்பு, சமத்துவ வாசிப்பு ஆகாது.

பெண்ணுரிமை நோக்கில் வேதத்தை அணுக விரும்புவோர், லீ 1836இல் வெளியிட்ட தன்வரலாற்றை முதலில் படியுங்கள். ஸ்டான்டன் அதற்குப் பிறகு வரட்டும்.