சத்தம் போடாத ரன்

பார்வையற்றோர் கிரிக்கெட்டை விடாமல் பார்க்கிறவர்களிடம்கூட ஒரு பழக்கம் உண்டு. அறவே பார்வை இல்லாத பி1 ஆட்டக்காரர் மட்டையோடு இறங்கினால் பலமாகக் கைதட்டுவார்கள். அவர் தொட்டுத் தொட்டு ஒற்றை ரன்னாகச் சேர்த்தால், பாவம், முடிந்ததைச் செய்கிறார் என்பார்கள். எதிர்முனையில் ஓரளவு பார்வையுள்ள பி3 ஒருவர் ஸ்வீப்பில் விளாச ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆட்டத்தைத் தலைகீழாகப் படிப்பது என்றால் இதுதான்.

இந்தப் பத்தி கொஞ்ச நாளாக ஒரு பி1 தொடக்க ஆட்டக்காரரின் கட்சி. பெயர் வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு ஆள் தெரியும். ‘தடவுகிறார்’ என்று அவர்மேல் ஒரு பழி இருக்கிறது. அவர் தடவவில்லை. பந்தை எங்கே சாகடிப்பது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்கிறார்.

பவுலர் ‘ரெடி?’ என்று கேட்கும்போதே அவர் வேலை ஆரம்பமாகிவிடும். ‘யெஸ்’ சொல்வதற்கு முன் ஒரு கணம் தாமதிப்பார். அந்த இடைவெளியில் எதிரணிக் கேப்டன் யாரை எங்கே நிறுத்துகிறார், எந்த ஃபீல்டர் எங்கிருந்து பதில் குரல் கொடுக்கிறார் என்பதெல்லாம் காதில் விழுந்துவிடும். ‘ப்ளே’ என்ற குரலோடு பந்து கையை விட்டதும் முகவாய் லேசாக ஆஃப் பக்கம் திரும்பும். அண்டர்ஆர்மில் வரும் பந்து நடுக்கோட்டுக்கு முன்பே தரையில் பட்டாக வேண்டும். அந்த முதல் தட்டலிலேயே வேகம் பிடிபட்டுவிடும். மற்றவர்கள் முழங்காலை மடக்கி மட்டையைப் படுக்க வைக்கிற இடத்தில், இவர் பிடியைத் தளர்த்திப் பந்தைத் தொட்டு விடுகிறார். அது நாலைந்து கஜம் உருண்டு நின்றுவிடுகிறது.

பந்துக்குள் இருக்கும் உலோகக் குண்டுகள் உருளும்வரைதான் ஒலிக்கும். நின்ற பந்துக்குக் குரல் கிடையாது. அதை அவர் நிறுத்துகிற இடம் எதிரணியின் பி1 ஃபீல்டருக்குப் பக்கத்தில். அந்த ஃபீல்டர் தரையைத் துழாவுவார். ஓரளவு பார்வையுள்ள பி2வோ பி3யோ தூரத்திலிருந்து ஓடிவர வேண்டும். அதற்குள் இவருக்காக ஓடும் ரன்னர் மறுமுனையில் நிற்பார். ஸ்வீப் அடித்தால் பந்து எல்லைவரை தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே போகும். பி1 ஃபீல்டர் ஒரு குத்து விழுந்து வரும் பந்தைப் பிடித்தாலும் அவுட் என்பதால், தூக்கி அடிப்பதிலும் ஆபத்து அதிகம்.

கணக்கைப் பார்ப்போம். பி2 இருவர் ஆறு பந்திலும் ஒற்றை ரன் ஓடினால் ஓவருக்கு 6. ஜோடியில் ஒருவர் பி1 என்றால், அவருடைய ரன் இரண்டாகச் சேர்வதால், அதே ஓட்டத்துக்கு 9. ஒரு பவுண்டரியும் இல்லாமல் பாதிக்குப் பாதி கூடுதல். இதைச் சலுகை என்று நினைக்கிற கேப்டன்கள் பி1 ஆட்டக்காரர்களைக் கடைசியில் ஒளித்து வைக்கிறார்கள். ஓட்ட விகிதம் எகிறி, அரங்கமும் இரைகிற நேரத்தில், காதை நம்பி ஆடுகிறவரை உள்ளே அனுப்புகிறார்கள். பிறகு ‘பி1 மட்டை பிடித்தால் இவ்வளவுதான்’ என்று தீர்ப்பு வேறு!

பதினொரு பேரில் குறைந்தது நான்கு பேர் பி1 ஆக இருந்தாக வேண்டும்; ஓவர்களில் 40 சதவீதத்தை அவர்கள்தான் வீச வேண்டும். டி20யில் அது எட்டு ஓவர். அந்த எட்டு ஓவரை ஒப்பேற்றத்தான் இவர்கள் என்ற நினைப்பு நம் பயிற்சி முகாம்களில் வெகுநாளாக உண்டு. நம் ஆள் தொடக்க இடத்தைக் கேட்டு வாங்கி நின்று ஆடியதால் அது கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. அவருக்குப் பின்னால் வரும் பி1 பையன்கள் வலைப்பயிற்சியில் மட்டைக்கும் நேரம் கேட்கிறார்கள்.

இந்த ஆட்டமே அப்படிப் பிறந்ததுதான். 1922இல் மெல்போர்னில் பார்வையற்ற தொழிலாளர்கள் தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். தங்களுக்கு ஏற்ற பந்தை யாராவது செய்துதரட்டும் என்று காத்திருக்கவில்லை. டப்பா நின்றால் சத்தமும் நிற்கும் என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி. அதை ஆயுதமாக்க நாம்தான் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டோம்.

இனி என்ன நடக்கும்? எதிரணிகள் சும்மா இருக்காது. பி1 ஃபீல்டர்களைப் பின்னால் தள்ளிவிட்டு, கிட்டே ஒரு பி3யை நிறுத்துவார்கள். விக்கெட் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி வருவார். வேகத்தை ஏற்றி இறக்கி, தொடுகிற நேரத்தைக் குழப்பப் பார்ப்பார்கள். ஆனால் பி3 கிட்டே வந்தால் எல்லைக்கோடு காலியாகும். அன்றைக்கு இதே ஆள் முழங்காலை மடக்கி ஸ்வீப் அடிப்பார். அவர் அடிக்கிற நாலு ரன், பலகையில் எட்டு.

மகளிர் ஆட்டம் இதில் முந்திக்கொள்ளும் என்றும் தோன்றுகிறது. 2025 நவம்பரில் இந்தியாவிலும் இலங்கையிலும் அவர்களுக்கான முதல் டி20 உலகக் கோப்பை நடந்து முடிந்திருக்கிறது. மாற்றியாக வேண்டிய பழைய பழக்கங்கள் அங்கே குறைவு. அடுத்த உலகக் கோப்பைகளில், ஆண்களோ பெண்களோ, அரையிறுதிக்கு வரும் நான்கு அணிகளில் குறைந்தது இரண்டு, பி1 ஒருவரைக் கொண்டு இன்னிங்ஸைத் தொடங்கும். அப்போதும் கடைசி ஓவருக்காக பி1 ஆட்டக்காரர்களைப் பதுக்கி வைக்கிற அணி, அரையிறுதியைத் தொலைக்காட்சியில் பார்க்கும்.