கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கின் சூட்டைப் பதியும் பெட்டி

கண்டியிலிருந்து நுவரெலியாப் பக்கம் தவிர வேறு எங்கே போனாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். கொழும்புக்குக் கடுகண்ணாவைக் கணவாய், குருநாகலுக்குக் கலகெதர, மாத்தளைக்குப் பலகடுவ, மஹியங்கனைக்குப் பதினெட்டு வளைவு. இந்த வீதிகளில் ஓடும் வாகனங்களின் கணினி எஞ்சினின் சுழற்சியை அறியும். குளிர்விக்கும் நீரின் வெப்பத்தை அறியும். ஒவ்வொரு சில்லின் வேகத்தையும் அறியும். பிரேக் பேட் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. சாதாரணக் கார்களில் அதற்கான உணரியே கிடையாது. மலைநாட்டுச் சாரதிக்கு மிக அவசியமான எண் வாகனத்தில் எங்கும் பதிவாவதில்லை.

அந்த எண் ஏன் முக்கியம் என்பதற்குப் பிரேக் எண்ணெயே சாட்சி. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு அதே தரநிலை விதிக்கும் கீழெல்லை 140 பாகைதான். டொட் 4 வகைக்கு இவை 230, 155. எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவி சேர்ந்துவிட்டால் மிதி உள்ளே அமிழும், பிடி இருக்காது. எண்ணெய் பழசாகப் பழசாக இந்த ஆபத்து இறக்கத்தில் நெருங்கி வருகிறது. இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் இருந்த வாகனங்களையே ஓட்டிக்கொண்டிருந்த நமக்கு இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு அல்ல.

ஆகவே, இல்லாத உணரியைச் சேர்த்து, அதன் அளவையும் வாகனம் ஏற்கெனவே பேசும் தரவையும் ஒரே கடிகாரத்தில் பதியும் உள்ளீட்டுப் பெட்டி ஒன்றைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். வாகனம் முதல் தலைமுறை டொயோட்டா அக்வா ஹைபிரிட்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

கேன் பஸ் என்பது வாகனத்தின் கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் இரட்டைக் கம்பிப் பாதை. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் அதை உருவாக்கி, 1986 பெப்ரவரியில் டெட்ரொயிட் மாநாட்டில் வெளியிட்டது. 1993 இல் அது ஐஎஸ்ஓ 11898 என்ற தரநிலையானது. இந்தப் பாதையில் புதிதாக ஒரு குரலைச் சேர்ப்பதுதான் உள்ளீட்டுப் பெட்டியின் வேலை.

நான் சோதித்தது கடைகளில் தனித்தனியாகக் கிடைக்கும் பாகங்களால் ஆனது. மூளை ஈஎஸ்பி32 சிப். கேன் கட்டுப்படுத்தி அதற்குள்ளேயே இருப்பதால், வெளியே எஸ்என்65எச்விடி230 என்ற சிறிய இணைப்புச் சிப் ஒன்று போதும். வெப்பத்துக்கு மேக்ஸ்31855 பலகைகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் கே வகைத் தேர்மோகப்பிள். மின்னழுத்தம் அளக்க ஏடிஎஸ்1115. ஈஎஸ்பி32 இன் சொந்த அனலொக் உள்ளீடு நேர்கோட்டில் அளக்காது என்பதால் இந்த 16 பிட் சிப் அவசியம். பிரேக் லைட் கம்பியின் 12 வோல்ட்டை நேரே உள்ளே விடாமல், பிசி817 ஒளியிணைப்பான் வழியாக எடுத்தேன்.

இவை எல்லாம் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. பெட்டிக்கான பாகங்களின் மொத்தச் செலவு ஒரு புதிய ரயரின் விலையை எட்டாது. பதிவு செய்ய, இரண்டு கேன் வாய்கள் கொண்ட பலகை ஏற்றிய ராஸ்பெரி பை என்ற சிறு கணினி.

அமைப்பு: தவறு ஒளிந்திருக்கும் இடங்கள்

இந்தச் சாதனத்தின் தரம் பாகங்களைவிட அமைப்பில்தான் தங்கியிருக்கிறது. வேலை செய்யாத பெட்டியைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். பிழையான எண்ணைச் சரியான எண் போலத் தரும் பெட்டியே ஆபத்தானது.

முதலாவது, வேகம். அக்வாவைப் பரிசோதிப்பதற்கான ஓபிடி சொக்கெட்டில் 6 ஆம் ஊசியும் 14 ஆம் ஊசியும் கேன் கம்பிகள். வேகம் வினாடிக்கு 500 கிலோபிட். ராஸ்பெரி பலகையின் எம்சிபி2515 சிப்புக்கு அருகே உள்ள படிகம் 8, 12, 16 மெகாஹேர்ட்ஸ் என மூன்று வகையில் வருகிறது. படிகத்தின் மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து அதையே அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். மாறினால் ஒரு செய்திகூட வராது.

இரண்டாவது, முடிவுத் தடை. கேன் பாதையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கும். வாகனத்தை அணைத்துவிட்டு 6 க்கும் 14 க்கும் இடையே அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்ட வேண்டும். சந்தையில் கிடைக்கும் இணைப்புப் பலகைகள் பலவற்றில் இன்னொரு 120 ஓம் ஏற்கெனவே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கழற்றாமல் வாகனத்தில் சொருகினால் அளவு 40 ஓமுக்கு இறங்கும். மல்டிமீற்றரால் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, பேசுவதா கேட்பதா என்ற முடிவு. வாகனத்தின் பாதையில் ஓர் எழுத்தைக்கூட அனுப்பக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதே பாதையில்தான் பிரேக் கணினியும் பேசுகிறது. ஆகவே ராஸ்பெரியின் முதல் வாயை ‘கேட்க மட்டும்’ நிலையில் வாகனத்துக்குக் கொடுத்து, இரண்டாம் வாயில் உள்ளீட்டுப் பெட்டிக்கெனத் தனிப்பாதை அமைத்தேன். அந்தத் தனிப்பாதையின் இரு முனைகளுக்கும் 120 ஓம் தடைகள் தேவை. கழற்றாத பலகை இங்கே பொருந்தும். இரண்டாம் வாய் மட்டும் சாதாரண நிலையில் இருக்க வேண்டும். கேன் முறையில் ஒரு செய்தி வந்து சேர்ந்ததை வேறொரு கருவி ஒப்புக்கொள்ளாவிட்டால், அனுப்பியவர் அதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

நான்காவது, அடையாள எண். கேன் செய்திகளில் சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. 11 பிட் அடையாளத்தில் 0 முதல் 2,047 வரை இடமுண்டு. பெட்டியின் செய்திகளுக்கு 1,280, 1,281 என்ற எண்களைக் கொடுத்தேன். நாளை யாராவது பாதைகளை இணைத்தாலும் பெட்டி வாகனத்தின் அவசரச் செய்திகளுக்கு வழிவிட்டு நிற்கும்.

ஐந்தாவது, அளவுகோல். என் நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது. மேக்ஸ்31855 வெப்பத்தைக் கால் பாகைப் படிகளில் தருகிறது. 160 பாகை என்றால் செய்தியில் போகும் எண் 640. செய்தியின் எண்ணை எப்படி வாசிப்பது என்று சொல்லும் டிபிசி கோப்பில் பெருக்கி 0.25 என்று எழுதினால் 160 வரும். 0.1 என்று எழுதினால் 64 வரும். 64 பாகையைப் பார்த்து எவரும் சந்தேகப்பட மாட்டார்கள். இறக்கத்தில் பிரேக் குளிர்ச்சியாக இருக்கிறது என்றே நம்பிவிடுவார்கள். பைட் வரிசை மாறினால் எண் தாறுமாறாகக் குதிப்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது. அடக்கமாகப் பொய் சொல்லும் பெருக்கியைக் கண்டுபிடிப்பது கடினம்.

அதற்கு ஒரே மருந்து, தெரிந்த வெப்பத்தில் வைத்துப் பார்ப்பது. உருகும் ஐஸில் பூச்சியம் வர வேண்டும். கொதிநீரில் 100 என்று எதிர்பார்க்கக்கூடாது. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 98 பாகைக்குச் சற்று மேலே கொதிக்கிறது. நுவரெலியாவில் 94 க்கு அருகிலேயே கொதித்துவிடும். சிப்பின் துல்லியம் இரண்டு பாகை கூடக் குறைய என்பதையும் கணக்கில் எடுத்தால், நம் அடுப்படியில் 96 முதல் 100 வரை காட்டும் பெட்டியை நம்பலாம்.

ஆறாவது, எத்தனை தடவை அனுப்புவது. ஒரு வெப்ப அளவை எடுக்க மேக்ஸ்31855 க்கு வினாடியின் பத்திலொரு பங்குவரை தேவைப்படுகிறது. வினாடிக்கு நூறு தடவை அனுப்பினால் பழைய எண்ணே திரும்பத் திரும்பப் போகும். வெப்பத்துக்கு வினாடிக்குப் பத்து, பிரேக் லைட்டுக்கு ஐம்பது என்று வைத்தேன்.

பொருத்துதல்

கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் சில்லைக் கழற்றி, முன் இடது பேட்டின் இரும்புத் தகட்டு விளிம்பில் ஒரு தேர்மோகப்பிளும் பின் டிரம்மின் நிலைத்தகட்டில் மற்றொன்றும் வைத்தோம். நுனி இரும்பிலிருந்து காப்பிடப்பட்ட வகையையே வாங்க வேண்டும். நுனி வாகனத்தின் உடலோடு மின்தொடர்பு கொண்டால் மேக்ஸ்31855 அதைப் பழுது என்று அறிவித்து அளவை நிறுத்திவிடும். கலிப்பரின் போல்ட்டுக்கு அடியில் வளைய உணரியைச் சொருகக்கூடாது. அந்த இறுக்கம் பாதுகாப்புக்கானது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, கம்பி எதிலும் உரசவில்லை என்று பார்த்த பிறகே சில்லை மாட்டினோம்.

வாகனத்தின் வேகத்தை, பாதையில் கேட்ட செய்திகளிலிருந்து எடுத்தேன். பல டொயோட்டாக்களில் அடையாள எண் 180 கொண்ட செய்தி வேகத்தைச் சுமக்கிறது. இரண்டு பைட், பெரிய பைட் முதலில், ஒரு படி மணிக்கு 0.01 கிலோமீற்றர். தொலைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிட்ட பிறகே அதை ஏற்றேன். அக்வாவின் பற்றரி அளவுக்கு வேறு வழி செய்தேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கையில் ஒரு பொத்தான். திரையில் பற்றரிக் கோடுகள் நிறைந்ததும் அவர் அழுத்துவார். அந்த அழுத்தமும் ஒரு கேன் செய்தியாகப் பதிவாகும்.

இறக்கத்தில் தெரிந்தது

பேராதனை, பிலிமத்தலாவை கடந்து கடுகண்ணாவையில் டோசன் கோபுரத்தைத் தாண்டினால் இறக்கம் தொடங்குகிறது. மாவனல்லை வரை ஓட்டிவிட்டு, பதிவை சேவிகேன் மென்பொருளில் திறந்தேன். வேகம், பிரேக் லைட், இரண்டு வெப்பங்கள், பொத்தான் எல்லாம் ஒன்றின்கீழ் ஒன்றாக நின்றன.

இறக்கத்தின் தொடக்கத்தில் பிரேக் லைட் அடிக்கடி எரிகிறது. பேட்டின் வெப்பமோ மெதுவாகவே ஏறுகிறது. மிதியை அழுத்தினாலும் பெரும்பகுதி வேலையை மோட்டார் செய்து, மின்சாரமாகப் பற்றரிக்கு அனுப்புவதே காரணம். பற்றரி நிறைந்த பொத்தான் குறிக்குப் பிறகு, அதே வேகத்தில் அதே போன்ற அழுத்தங்களுக்கு வெப்பக்கோடு செங்குத்தாகிறது. மின்சாரத்தை வாங்க இடமில்லாததால் சுமை முழுவதும் பேட்டின்மேல் விழுகிறது. ஹைபிரிட் காரில் மிதி ஒரே மாதிரி உணர்வைத் தருவதால் இந்த மாற்றத்தைச் சாரதியின் கால் அறியாது.

கியரை எஞ்சின் பிரேக் தரும் ‘பி’ (B) நிலையில் வைத்து இறங்கிய ஓட்டத்தில் எஞ்சினைச் சுழற்றுவதில் சக்தி கழிந்தது. வெப்பக்கோடு தாழ்வாகவே நின்றது. கீழே இறங்கி வாகனத்தை நிறுத்தியபோதும் பேட் தகட்டின் வெப்பம் சிறிது நேரம் ஏறிக்கொண்டேயிருந்தது. ஓட்டத்தின் காற்று நின்றுவிட, டிஸ்க்கின் சூடு தகட்டுக்கும் எண்ணெய்க்கும் பரவும் நேரம் அது. உடுதும்பறை தாண்டிப் பதினெட்டு வளைவில் இறங்கியபோது வேறொன்றும் தெரிந்தது. கொண்டை வளைவுகளில் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவுக்குக் குறையும்போது மோட்டார் பிடி விலகி, பேட் வேலையை ஏற்கிறது. வளைவுக்கு வளைவு வெப்பம் படியேறியது.

குறைகள்

பெட்டிக்கு நீர்க்காப்பு இல்லை. கண்டி மழையில் சில்லுக்கு அருகே போகும் இணைப்புகளை நாமே மூடிக் காக்க வேண்டும். மின்சாரத்துக்கு பியூசும், வாகனத்துக்கென்றே செய்யப்பட்ட 5 வோல்ட் மாற்றியும் கட்டாயம். ராஸ்பெரி பையைத் திடீரென்று அணைத்தால் எஸ்டி அட்டை கெடலாம்; ஒழுங்காக அணைக்கும் பொத்தான் வைக்க வேண்டும். இவை எதுவும் வேண்டாம் என்பவர்கள் டென்மார்க்கின் சிஎஸ்எஸ் இலெக்ட்ரொனிக்ஸ் போன்ற நிறுவனங்களின் மூடிய பெட்டிகளை நாடலாம். செலவு அதிகம், பாடு குறைவு. எதை வாங்கினாலும் அடையாள எண், பெருக்கி, பைட் வரிசை என்ற மூன்றையும் நாமேதான் சரிபார்க்க வேண்டும். இன்னொன்றையும் வலியுறுத்துகிறேன்: இது பதிவுக் கருவி, சாரதி நம்பி ஓட்டுவதற்கான எச்சரிக்கை மணி அல்ல.

யாருக்கு

பொறியியல் மாணவர்களுக்கும், பிரேக் வேலை செய்யும் கராஜ்களுக்கும், சாரதிப் பயிற்சி தருபவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தாழ்ந்த கியரில் இறங்கு என்று சொல்வதைவிட, இரண்டு ஓட்டங்களின் வெப்பக்கோட்டை அருகருகே காட்டுவது ஆழப் பதியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இது பஸ்களுக்குப் போக வேண்டும் என்பது என் விருப்பம். 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியில் ஒரு சுற்றுலா பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். மலைவீதி விபத்து ஒவ்வொன்றின் பிறகும் பிரேக்கைப் பற்றிப் பேசுகிறோம். அதன் வெப்பத்தைப் பற்றிப் பேச நம்மிடம் ஓர் எண்கூட இருப்பதில்லை. நம் பழைய பஸ்கள் பலவற்றில் கேன் பாதையே இல்லாதது இதற்குத் தடையும் அல்ல. உள்ளீட்டுப் பெட்டி தனக்கென ஒரு பாதையைக் கொண்டுவருகிறது. வேகத்துக்கு ஜிபிஎஸ் போதும். ஒரு டிப்போ ஒரே ஒரு பஸ்ஸில், ஒவ்வொரு டிரம்முக்கும் ஓர் உணரி வைத்து, தன் வழமையான மலைவழியில் ஓட்டிப் பார்க்கட்டும். எந்த வளைவில் சூடு ஏறத் தொடங்குகிறது, எங்கே நிறுத்தி ஆறவிட வேண்டும், எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பதை அந்த வழியின் சாரதிகள் எல்லோருக்கும் எண்ணோடு சொல்ல அந்தப் பதிவு போதும்.